அன்னதானம் வேணும், ஆனா விவசாயி வேணாமா?



ஆடி பிறந்தாச்சு. அம்மனுக்குக் கூழ் வார்க்கிற மாதம். கோவிலில் வேலை தலைக்கு மேல் கிடக்கிறது. இருந்தாலும் இதை இப்பவே எழுத வேண்டிய கட்டாயம். பதிவு நீளம். பொறுமையாகப் படிங்க. பிடிக்கலைன்னா கீழே திட்டுங்க, ஆனா முழுசாப் படிச்சுட்டுத் திட்டுங்க.

வர்ற ஞாயிற்றுக்கிழமை பொதுக்கூட்டத்தில் ஒரு தீர்மானம் வருகிறது. அன்னதானத்துக்கு வேண்டிய அரிசி, பருப்பு, காய்கறி எல்லாத்தையும் ஒரே மொத்த வியாபாரியிடம், யார் குறைஞ்ச விலை சொல்றாங்களோ அவங்ககிட்ட, மூணு வருஷத்துக்கு எழுதிக் கொடுத்துடலாம் என்பது தீர்மானம். இப்போது நாங்கள் காய்கறி வாங்குகிற மூணு சின்னத் தோட்டக்காரர்களை நிறுத்திடணுமாம். இரண்டு பேர் கேமரன் மலை, ஒருத்தர் செபராங் பிறை. கிலோவுக்கு ஐம்பது காசு அதிகமாம். உண்டியல் காசு வீணாகிறதாம்.

அன்னதானக் குழுவில் கரண்டி பிடிக்கிற தொண்டர்கள் நாங்கள் இதை எதிர்க்கிறோம். ஏன் என்று சொல்கிறோம்.

முதல்ல, 2020ஆம் வருஷத்தை ஞாபகப்படுத்திக்குங்க. ஐந்து வருஷத்துக்குள்ள எல்லாருக்கும் மறந்து போச்சு. மார்ச் 18ஆம் தேதி நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை வந்தது. கோவில் கதவு சாத்தினோம். பள்ளிக்கூடம், ஹோட்டல், பாசார் மாலாம் எல்லாம் மூடியாச்சு. சாப்பாட்டுக் கடையில் கட்டிக்கொண்டு போகலாம், உட்கார முடியாது. சாமான் வாங்க வீட்டுக்கு ஒருத்தர்தான் வெளியே வரலாம். அந்த வருஷம் ரமலான் பாசாரும் இல்லை.

இப்போ இதைத் தோட்டக்காரர் பக்கம் நின்னு பாருங்க. சாவி கீரை விதைத்த முப்பது நாள் சொச்சத்தில் வெட்டணும். அதுக்கு மேல வெச்சா முத்திப் பூத்துடும். கோபிஸ் கொஞ்சம் தாங்கும், ஆனா அதுக்கும் கெடு உண்டு. பெப்ரவரியில் போட்ட விதைக்கு மார்ச்சில் வரப்போகிற ஆணை தெரியுமா? காய் வெட்டுகிற பருவத்தில் வாங்குகிற ஆள் இல்லை. ஹோட்டல் ஆர்டர் நின்று போச்சு. லோரி ஓட்டுநருக்கு எந்தக் கடிதம் இருந்தால் ரோட்பிளாக்கில் விடுவார்கள் என்று ஆரம்ப நாட்களில் யாருக்கும் சரியாகத் தெரியவில்லை. வெட்டுகிற கூலி, பெட்டி, லோரி வாடகை மூன்றையும் கூட்டினால் சந்தையில் கிடைக்கிற விலையை விட அதிகம். அப்புறம் என்ன செய்வார்? கேமரன் மலையில் டன் கணக்கில் காய்கறியைக் கொட்டினார்கள். பத்திரிகையில் படம் வந்ததே, பார்த்தீங்கதானே? தக்காளியும் கோபிஸும் மலையாகக் குவிந்து கிடந்தது. அம்மனுக்குச் சாத்துகிற செவ்வந்திப் பூவும் அதே கதிதான். பூ 'அத்தியாவசியம்' இல்லையாம்.

அதே வாரம் நம்ம தீவில் என்ன நடந்தது? கோவிலுக்குப் பழக்கமான கேமரன் தோட்டக்காரர் ஒருத்தர் போன் செய்தார். "அண்ணே, காசு வேணாம், வந்து சும்மா ஏத்திக்கிட்டுப் போங்க. மாட்டுக்குப் போடுறதுக்கு மனுஷன் சாப்பிடட்டும்" என்றார். எங்களுக்கு லோரி இல்லை, கடிதம் இல்லை. கடிதம் கைக்கு வந்தபோது காய் அழுகிவிட்டது. அன்று சாயந்திரமே அடுக்குமாடி வீட்டிலிருந்து ஒரு அம்மா கூப்பிட்டார். மூன்று பிள்ளைகள், வீட்டுக்காரருக்கு நாள் கூலி வேலை, வேலை நின்று இரண்டு வாரம். "மெகி மட்டும்தான் இருக்கு, தம்பி. பிள்ளைக்குக் காய்கறி காட்டி பத்து நாளாச்சு" என்றார்.

மலையில் காய் அழுகுது, தீவில் பிள்ளைக்குக் காய் இல்லை. நடுவில் என்ன இல்லை? சாமி அருள் இல்லையா? மழை இல்லையா? எல்லாம் இருந்தது. விளைவிச்சவரையும் சாப்பிடுகிறவரையும் சேர்க்கிற கயிறு மட்டும்தான் அறுந்து போச்சு.

"அப்போ தட்டுப்பாடே இல்லையே, கடையில் எல்லாம் இருந்ததே" என்று வாட்ஸ்அப்பில் ஒரு அண்ணன் எழுதியிருந்தார். அண்ணே, சம்பளம் வந்தவங்களுக்குக் கடையில் எல்லாம் இருந்தது. 2021 ஜூன் கடைசியிலும் ஜூலையிலும் நாடு முழுக்க வீட்டு வாசலில் வெள்ளைக் கொடி கட்டினார்களே, அவர்கள் எதுக்குக் கட்டினார்கள்? கடையில் அரிசி இல்லாமலா? கையில் காசு இல்லாமல். அதைப் பார்த்து முதலில் ஓடிப் போனது யார்? பக்கத்து வீட்டுக்காரர்கள், கடைக்காரர்கள், கோவில், சூராவ், சர்ச் ஆட்கள்.

இது இன்றைக்கு நேற்றுக் கதை இல்லை. நம்ம முன்னோர்கள் பலர் கப்பல் ஏறி மலாயாவுக்கு வந்ததுக்குப் பஞ்சமும் ஒரு காரணம். 1876 முதல் 1878 வரை தாது வருஷப் பஞ்சத்தில் சென்னை மாகாணத்தில் இலட்சக்கணக்கான பேர் செத்தார்கள். அந்தப் பஞ்சத்திலும் இந்தியாவிலிருந்து தானியம் கப்பலேறிப் போய்க்கொண்டுதான் இருந்தது. அப்புறம் 1941 டிசம்பரில் ஜப்பான்காரன் பினாங்கைப் பிடித்தான். பர்மா அரிசி நின்றது. மரவள்ளிக்கிழங்கைத் தின்று உயிர் பிழைத்த கதையை நம்ம வீட்டுப் பாட்டிமார்கள் சொல்லாத நாள் உண்டா? தூரத்திலிருந்து வருகிற அரிசியை மட்டும் நம்பினால் என்ன ஆகும் என்பதை அவர்கள் வயிறு படித்து வைத்திருந்தது. அதனால்தான் தோட்டத்து லயத்து வீட்டு வாசலில் முருங்கையும் கறிவேப்பிலையும் பசலையும் இருந்தது. அடுக்குமாடிக்கு வந்தபோது அதை விட்டுட்டோம். சரி, இடம் இல்லை. ஆனா விளைவிக்கிற ஆளையும் விட்டுடலாமா?

நம்ம கோவில் சாம்பார் சாதத்தை ஒரு தட்டு எடுத்துப் பாருங்க. பருப்பு கப்பலில் வருது. வெங்காயம் இந்தியாவிலிருந்து. உருளைக்கிழங்கு, பூண்டு, காய்ந்த மிளகாய் எல்லாமே வெளிநாடு. இஞ்சி, மிளகாய், கோபிஸ் மூன்றிலும் மலேசியாவுக்கு வேண்டியதில் பாதிகூட இங்கே விளைவதில்லை. அரிசியில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் இறக்குமதி. 2020இல் மட்டும் இந்த நாடு உணவு இறக்குமதிக்குச் செலவழித்தது 55.5 பில்லியன் வெள்ளி. பூச்சாரம் கட்டுகிற மல்லிகூட விமானத்தில்தான் வருது.

கப்பல் வராத நாளும் உண்டு. 2020 மார்ச்சில் வியட்நாம் புதுசாக அரிசி ஏற்றுமதிக்கு ஒப்பந்தம் போடுவதை நிறுத்தியது. அடுத்த மாதம் அளவு வைத்துத்தான் மறுபடி விட்டது. அதே வருஷம் செப்டம்பரில் இந்தியா வெங்காய ஏற்றுமதியைத் தடை செய்தது. 2023 ஜூலையில் பாஸ்மதி அல்லாத வெள்ளை அரிசிக்கும் தடை போட்டது. அந்த செப்டம்பரில் இங்கே இறக்குமதி அரிசி டன்னுக்கு 2,350 வெள்ளியிலிருந்து 3,200 வெள்ளிக்கு ஏறியது. உள்ளூர் அரிசி கடையில் கிடைக்காமல் அலைந்தோமே, மறந்துட்டீங்களா? அவங்களைக் குறை சொல்ல முடியாது. எந்த நாடும் முதலில் தன் பிள்ளைக்குத்தான் சோறு போடும்.

இப்போ தீர்மானத்துக்கு வருவோம். எங்களில் பல பேர் தொழிற்சாலை ஆட்கள். பாயான் லெப்பாஸிலும் பிறையிலும் ஷிப்ட் பார்த்தவர்கள், இப்பவும் பார்க்கிறவர்கள். தொழிற்சாலையில் சின்னப் பையனுக்குக்கூடத் தெரிந்த பாடம் ஒன்று உண்டு. ஒரு முக்கியமான சாமானுக்கு ஒரே ஒரு சப்ளையரை நம்பாதே. விலை பத்து காசு குறைவு என்று எல்லா ஆர்டரையும் ஒருத்தரிடம் கொடுப்பாய். அவர் கதவு மூடிய அன்றைக்கு உன் லைன் முழுக்க நிற்கும். மிச்சம் பிடித்தது எல்லாம் ஒரே நாளில் போகும்.

உதாரணம் தொழிற்சாலையில் தேட வேண்டாம். 2020 ஏப்ரல் 20ஆம் தேதி கோலாலம்பூர் செலாயாங் மொத்த மார்க்கெட்டைச் சுற்றியுள்ள பகுதிக்கு வேலி போட்டார்கள். நோய் பரவியதால் கடுமையான கட்டுப்பாடு. இரண்டு வாரம் கழித்து, மே 5ஆம் தேதி, சென்னையில் கோயம்பேடு மார்க்கெட்டை மூடினார்கள். அதே காரணம். சில நாள் கழித்துத் திருமழிசையில் தற்காலிகச் சந்தை திறந்தார்கள். கடலுக்கு இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்று. ஒரு பெரிய வாசல் வழியாகத்தான் எல்லாக் காயும் போகணும் என்று வைத்தால், அந்த வாசல் அடைபட்ட அன்றைக்கு விவசாயிக்கும் நஷ்டம், வாங்குகிறவருக்கும் கஷ்டம். நம்ம கோவிலுக்கும் அப்படி ஒரே வாசல் வைக்கச் சொல்வதுதான் இந்தத் தீர்மானம்.

எதிர்ப்பாகச் சொல்லப்படுகிற ஒவ்வொன்றுக்கும் பதில் சொல்கிறோம்.

"விவசாயியை அரசாங்கம் பார்த்துக்கும். கோவில் என்ன வெல்ஃபேர் ஆபீஸா?"

அரசாங்கம் செய்ததை நாங்கள் மறுக்கலை. அன்றைக்கு ஃபாமா காய்கறி வாங்க உதவிக்கு வந்தது. ஆனா நாடு முழுக்க உள்ள சின்னத் தோட்டக்காரர் ஒவ்வொருத்தருக்கும் அந்தக் கை எட்டுமா? பெரிய தோட்டத்துக்கு சூப்பர்மார்க்கெட் ஒப்பந்தம் இருக்கு. இரண்டு ஏக்கர், மூன்று ஏக்கர்காரருக்கு என்ன இருக்கு? 2020 ஜூனில் வெளிநாட்டுத் தொழிலாளர்களை எடுப்பதை அரசாங்கம் நிறுத்தியபோது வேலைக்கு ஆள் இல்லாமல் தவித்தவர்கள் அவர்கள். உர விலை ஏறியது, அதுக்கு மேல 2022இல் உக்ரைன் போர் வந்தது. இவ்வளவுக்கும் நடுவில் தாங்கி நின்றவர்களுக்கு வாராவாரம் ஒரு நிச்சயமான ஆர்டர்தான் பெரிய பலம். அதைக் கொடுக்க மந்திரி வேண்டாம், கோவில் அடுப்படி போதும்.

அதுவும் இல்லாம, கோவில் வெல்ஃபேர் ஆபீஸ் இல்லை என்று யார் சொன்னது? வள்ளலார் 1867இல் வடலூர் தருமசாலையில் ஏற்றிய அடுப்பு இன்னும் அணையவில்லை என்று மேடையில் பெருமையாகப் பேசுறோம். தாது வருஷப் பஞ்சம் வந்தது அதற்குப் பத்து வருஷம் கழித்து. அந்த அடுப்பு எரிய தினமும் யாரோ விளைவிக்கணும், யாரோ கொண்டு வரணும். அடுப்பை மட்டும் கும்பிட்டுவிட்டு அரிசி வந்த வழியை மறக்கலாமா?

"உண்டியல் காசு. மலிவாக வாங்குவதுதான் தர்மம்."

சரி, கணக்குப் போடுவோம். வெள்ளிக்கிழமை அன்னதானத்துக்குச் சுமார் 300 பேர். காய்கறி 60 கிலோ. கிலோவுக்கு ஐம்பது காசு அதிகம் என்றால் வாரத்துக்கு 30 வெள்ளி. வருஷம் 52 வாரத்துக்கு 1,560 வெள்ளி. ஒரு தேங்காய் மூன்று வெள்ளி என்று வைத்தால், 520 தேங்காய். தைப்பூசத்தில் ரதம் வரும்போது ரோட்டில் ஒரே முக்கில் அதைவிட அதிகம் உடையுது. 2025 தைப்பூசத்துக்கு முன்னால் தேங்காய்த் தட்டுப்பாடு வந்து, பினாங்கு பயனீட்டாளர் சங்கம் 'குறைச்சு உடைங்க' என்று கேட்டுக்கொண்டது. எத்தனை பேர் கேட்டோம் என்பதைக் காலையில் ரோடு கூட்டியவர்களிடம் கேளுங்க. நேர்த்திக்கடனை நாங்கள் பழிக்கலை. ஒரு காய் உடைங்க, அம்மன் ஏத்துக்குவா. மீதிக் காயைச் சமையலுக்குக் கொடுங்க. ரோட்டில் உடைகிற காய்க்குக் கணக்குக் கேட்காதவர்கள், விவசாயிக்குப் போகிற 30 வெள்ளிக்கு மட்டும் கணக்குக் கேட்கிறது எந்த ஊர் நியாயம்?

இன்னொன்று. மலிவு என்பது இந்த மாச விலை. மூணு வருஷ விலை யாருக்குத் தெரியும்? எங்கள் மூன்று தோட்டக்காரர்களும் வருஷம் முழுக்க ஒரே விலை வைத்தார்கள். 2021 கடைசியில் காய்கறி விலை எகிறியதே, அப்புறம் டிசம்பர் வெள்ளமும் வந்ததே, அப்போதும் அவர்கள் பேசிய விலைக்கு மேல் ஒரு காசு கேட்கவில்லை. சந்தையில் கொடுத்திருந்தால் இரட்டிப்பாக எடுத்திருக்கலாம். "கோவிலுக்குச் சொன்ன சொல்" என்று ஒரே வார்த்தையில் முடித்துவிட்டார்கள். அந்தச் சொல்லை இப்போது நம்ம பக்கம் முறிக்கப் போகிறோம், ஐம்பது காசுக்கு.

"எல்லாத்தையும் அம்மன் பார்த்துக்குவா."

இதைச் சொல்கிறவர்களிடம்தான் எங்களுக்குக் கோபம் அதிகம். ஏன்னா அம்மனை அறியாமல் சொல்கிறார்கள். மாரி என்றால் என்ன? மழை. அம்மை கண்டால் யாரைக் கும்பிடுகிறோம்? அதே மாரியை. நோய்க்கும் மழைக்கும் ஒரே தாய். அவளுக்கு ஆடியில் என்ன படையல்? கூழ். விதைப்புக் காலம், போன அறுவடை தீர்ந்து குதிர் காலியாக இருக்கும் காலம், காற்றடித்து நோய் வரும் காலம். அந்த மாதம் பார்த்து ஊரில் இருக்கிற கேழ்வரகை எல்லாரிடமும் வாங்கி, ஒரே பானையில் காய்ச்சி, சாதி பார்க்காமல் வரிசையில் நிற்கிற எல்லாருக்கும் ஊற்ற வைத்தார்கள். வசதி உள்ளவன் வீட்டுத் தானியம் இல்லாதவன் வயிற்றுக்குப் போச்சு. நோய் வரும், விளைச்சல் குறையும், அந்த நேரத்துக்கு ஊர் இப்படித் தயாராக இருக்கணும் என்கிற ஏற்பாட்டைச் சாமி பேரில் வைத்துவிட்டுப் போனார்கள். அம்மன் பார்த்துக்குவா, உண்மைதான். நம்ம கையை வைத்துப் பார்த்துக்குவா. கையைக் கட்டிக்கொண்டு நிற்கிறவனுக்கு அவள் என்ன செய்வாள்?

நாங்கள் வெறுமனே எதிர்ப்புச் சொல்ல வரவில்லை. கூட்டத்தில் வைக்கப் போகிற மாற்று இதுதான்:

1. அரிசி, பருப்பு, எண்ணெய் ஆகியவற்றை மொத்த வியாபாரியிடமே வாங்கலாம். அதில் மலிவு பார்க்கலாம், தப்பில்லை. ஆனா இரண்டு பேரிடம் பிரித்து வாங்கணும்.

2. காய்கறியில் பாதியாவது சின்னத் தோட்டக்காரர்களிடம் நேரடியாக, வருஷ விலை பேசி, எழுத்தில் போட்டு வாங்கணும். அவர்களுக்குப் பணம் அந்த வாரமே போகணும். மாசக்கணக்கில் கடன் சொல்லக் கூடாது.

3. மூன்று மாத அன்னதானத்துக்கு வேண்டிய உலர் சாமான் எப்போதும் ஸ்டோரில் இருக்கணும். முதலில் வந்ததை முதலில் எடுத்துச் சமைத்து, பின்னால் புதுசு வைத்தால் எதுவும் புழுக்காது.

4. வேன் வைத்திருக்கிறவர், லோரி ஓட்டுகிறவர், பெரிய பானை வைத்துச் சமைக்கத் தெரிந்தவர், ஒவ்வொரு அடுக்குமாடியிலும் ஒரு பொறுப்பாளர் என ஒரு பெயர்ப்பட்டியல் இப்போதே எழுதி வைக்கணும். கதவு சாத்தின பிறகு தேடினால் 2020 மாதிரி காய் அழுகித்தான் போகும். கயிறை இன்றைக்கே முறுக்கி வைப்போம்.

5. அன்னதானத்தில் தட்டில் மிச்சம் வைப்பதை நிறுத்தணும். வேண்டியதைக் கேட்டு வாங்குங்க. "இன்னைக்கும் கோபிஸா?" என்று முகம் சுளிக்காதீங்க. அந்த வாரம் மலையில் எது விளைந்ததோ அதுதான் பிரசாதம்.

இதுக்கு எவ்வளவு செலவு என்று கேட்பார்கள். மேலே கணக்குச் சொல்லியாச்சு. செலவு போதலைன்னா எங்கள் தொண்டர் குழு மாசாமாசம் பத்து பத்து வெள்ளி போட்டுக் கட்டுகிறோம். ஏற்கெனவே 14 பேர் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தாச்சு.

நிர்வாகத்துக்கு ஒரு வார்த்தை. உங்கள் மேல் எங்களுக்கு மரியாதை குறையலை. செலவைக் குறைக்கணும் என்கிற நல்ல எண்ணத்தில்தான் தீர்மானம் கொண்டு வந்திருக்கீங்க. ஆனா இது பெயிண்ட் அடிக்கிற டெண்டர் இல்லை. விலை குறைவு என்ற ஒரே அளவுகோலை வைத்து அளந்தால், கஷ்ட காலத்தில் நமக்குக் கூட நின்ற ஆளைத்தான் முதலில் வெட்டுவோம். அடுத்த நோய் எப்போ வரும் என்று யாருக்கும் தெரியாது. வரும்போது அந்த மொத்த வியாபாரி நம்ம போனை எடுப்பாரா? நூறு கஸ்டமரில் நாம் ஒருத்தர். தோட்டக்காரர் எடுப்பார். போன தடவை அவர்தான் நம்மைக் கூப்பிட்டார்.

பக்தர்களுக்கு ஒரு வேண்டுகோள். உறுப்பினர் அட்டை உள்ளவர்கள் ஞாயிறு காலை பசியாறிட்டு நேரே மண்டபத்துக்கு வாங்க. கூட்டத்துக்குப் பாதிப் பேர் வராமல் தீர்மானம் நிறைவேறிவிட்டு, அப்புறம் வாட்ஸ்அப்பில் சண்டை போடுவதில் பிரயோசனம் இல்லை. வந்து கை தூக்குங்க. எதிர்த்துத் தூக்கினாலும் பரவாயில்லை, வந்து கேள்வி கேட்டுவிட்டுத் தூக்குங்க.

அந்த மூணு தோட்டக்காரர்களையும் கூழ் வார்ப்புக்கு அழைத்திருக்கிறோம். வருவதாகச் சொல்லியிருக்கிறார்கள், காய்கறியோடு. பந்தியில் அவர்கள் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிடுங்க. சாவி எத்தனை நாளில் வெட்டணும், மழை அதிகமானால் என்ன ஆகும், லோரிக்கு எவ்வளவு வாடகை என்று பிள்ளைகளை விட்டுக் கேட்கச் சொல்லுங்க.

பதிவைப் பகிருங்க. தெரிந்த உறுப்பினர்களுக்கு அனுப்புங்க.

அம்மன் துணை.

இப்படிக்கு,
அன்னதானக் குழுத் தொண்டர்கள்